விட்ட கம்பி

1

கொஞ்ச நாளைக்கு முன்னால் எங்கள் சைட்டுக்குப் புதிதாக ஒரு அறிவிப்புப் பலகை வந்தது. சிங்கப்பூரில் கட்டட வேலை நடக்கிற இடத்தில் பலகைக்குப் பஞ்சமே கிடையாது. தொப்பியைப் போடு, கயிற்றை மாட்டு, இங்கே நிற்காதே, அங்கே குனியாதே என்று நாலு மொழியில் எழுதி வைத்திருப்பார்கள். இதுவும் அப்படி ஒன்றுதான். 'ஸ்டார்ட்டர் பார்களுக்கு மூடி போடவும்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. சீனமும் வங்காளமும் எனக்கு வாசிக்க வராது. அடியில் தமிழில் இப்படி இருந்தது: 'தொடக்க மதுக்கூடங்கள் அனைத்தும் மூடப்பட வேண்டும்.'

காலைக் கூட்டத்துக்கு வரிசையில் நின்ற நம் ஆட்கள் அதை வாசித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். கயத்தாற்றுக்காரர் சுடலைமுத்து மட்டும் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, மூடுததுக்கு முன்னால அது எங்கன தொறந்திருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதோம்."

அதற்குமேல் கூட்டம் நடக்கவில்லை. யாரோ கம்ப்யூட்டரில் போட்டு மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதற்கு 'பார்' என்றால் குடிக்கிற இடம்தான் தெரிந்திருக்கிறது. கம்பி தெரியவில்லை.

பாதுகாப்பு அதிகாரி ஐனி என்கிற மலாய்க்காரப் பெண். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "போன மாதம் ஒரு ஆள் தடுக்கி விழுந்தாரே, அந்தக் கம்பியில் மூடி இருந்ததால்தான் தொடை கன்றியதோடு போயிற்று. பலகை சரியாக இருக்க வேண்டும். நீங்களே தமிழில் எழுதிக் கொடுங்கள். ஒரு சொல்தானே" என்றார்.

நான் இங்கே கம்பி கட்டுகிற வேலைக்கு வந்து, இப்போது சூப்பர்வைசராக இருக்கிறவன். நாள் முழுக்க அந்தச் சாமான் என் கண் முன்னால்தான் நிற்கிறது. ஒரு சொல்தானே என்று நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

2

வீடு கட்டியவர்களுக்கு அது தெரியாத பொருள் இல்லை. தளம் போட்டு முடித்ததும், தூணுக்குள் நிற்கிற கம்பியைத் தளத்தோடு வெட்டிவிட மாட்டார்கள். இரண்டு மூன்று அடி மேலே தெரிகிற மாதிரி விட்டுவைப்பார்கள். பின்னால் ஒரு மாடி எடுப்பதாக இருந்தால் புதுக் கம்பியை அதன் பக்கத்தில் நிறுத்திக் கட்டி, தூணை மேலே கொண்டுபோகலாம். மேல்தூண் ஆரம்பிக்கிற இடம் அது. அதனால் ஆங்கிலத்தில் அந்தப் பேர்.

கோவில்பட்டிக்குள் ரயில் நுழையும்போது சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் இரண்டு புறமும் அதுதான். மொட்டைமாடிக்கு நாலு மூலையிலும் நடுவிலும் கொத்துக் கொத்தாகக் கம்பி. சில வீட்டில் துரு பிடிக்காமல் இருக்கக் காலித் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். சில வீட்டில் சிமெண்ட் பால் பூசியிருப்பார்கள். எங்கள் வீட்டில் மைனி, அதாவது அண்ணனின் மனைவி, அதில் துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறாள்.

ஆனால் அதற்குப் பேர் என்ன? இரண்டு நாள் யோசித்தேன். நம் ஊரில் யாரும் அதைப் பேர் சொல்லி நான் கேட்டதில்லை. 'மாடிக்குக் கம்பி விட்டிருக்கு' என்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் 'சொந்த வீடு, மேல கம்பி விட்டிருக்காவ' என்றால் அது ஒரு சொத்துக் கணக்கு. அதற்கு, 'கம்பி விட்டா ஆச்சா, என்னைக்குக் கட்டுவாவளாம்?' என்று ஒரு பெரியம்மா கேட்டால் அது ஒரு குத்து. விட்டதைப் பற்றித்தான் பேச்செல்லாம். விட்ட பொருளுக்குப் பேர் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

'நீட்டுக் கம்பி' என்று எழுதலாமா என்றும் பார்த்தேன். எழுதினால் சுடலைமுத்து மறுநாள் வேலைக்கு வரமாட்டார், பலகையே சொல்லிவிட்டது என்பார். கம்பி நீட்டுவது என்றால் நம்மில் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நழுவுகிறவனைத்தான் அப்படிச் சொல்வோம்.

அந்தச் சொல்லை என் மேலும் எறிந்திருக்கிறார்கள். நான் சிங்கப்பூர் கிளம்பிய அன்று, தெரு முக்கில் நின்ற ஒருவர் என் அப்பாவிடம், "என்ன அண்ணாச்சி, சின்னவனும் கம்பி நீட்டுதானா?" என்று கேட்டார். அப்பா பஞ்சாலையில் எடை போடுகிறவர். தராசு முள் நிற்கும்வரை பேசாத மனிதர். அன்றும் கொஞ்சம் பொறுத்துத்தான் சொன்னார்.

"ஊர்ல எல்லாவனும் ஊரை விட்டுக் கம்பி நீட்டுவான். எம் மவன் வீட்டு மேல கம்பியை நீட்டி வச்சிட்டுல்லா போறான். போய் மொட்டைமாடியப் பாரும்."

அது உண்மை. வீடு கட்டும்போது நான் கம்பி கட்டும் கூட்டத்தில் இருந்தேன். எங்கள் மண் கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மேலாப்பில் சுவரை எழுப்பினால் வருசத்துக்கொரு வெடிப்பு ஓடும். அப்பா ஆழமாகத் தோண்டச் சொன்னார். ரெண்டு மாடி நின்றாலும் அசையக் கூடாது, கீழே பெரியவனுக்கு, மேலே சின்னவனுக்கு என்றார். தளம் போடுகிற அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "ஒனக்குள்ள கம்பியை நீயே விட்டுக்கோ. பெறவு அப்பன் குட்டையா விட்டுட்டான்னு சொல்லப்பிடாது" என்றார். நான்தான் விட்டேன். தேவைக்கு மேலேயே ஒரு சாண் கூட விட்டேன்.

3

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். வழக்கமான விசாரிப்புகளுக்குப் பிறகு, "அண்ணே, நம்ம மொட்டைமாடில நிக்குத கம்பி, அதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஒன்ட்ட யாரு சொன்னா?" என்றான் அண்ணன்.

"எதை?"

"ஒங்க மைனி எதுவும் சொன்னாளா?"

"நான் பேருல்லா கேக்கேன். இங்கன பலகையில எழுதணும்."

"பேரா? பேரு என்ன பேரு, கம்பிதான்" என்று சொல்லிவிட்டு, கடம்பூர் போளி வாங்கி வைத்ததை சிங்கப்பூர் வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பவா என்று பேச்சை மாற்றினான். எங்கள் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. பேச்சை மாற்றத்தான் வரும். அதுவும் போளியைத் தாண்டி மாற்றத் தெரியாது.

மறுநாள் காலையில் மைனியே கூப்பிட்டாள். அண்ணன் குளிக்கப் போன நேரம் போலிருக்கிறது, மெதுவாகப் பேசினாள்.

"தம்பி, கேட்டதும் கேட்டிய, இனி மறைக்க முடியாது. ஒங்க அண்ணன் சொல்லமாட்டாவ. முன்னறையில தூணு மூலையில ஒரு பாளம் பேந்து விழுந்துட்டு. அவிய படுக்குத கட்டில்ல. நல்ல வேளை, அவிய கடைக்குப் போயிருந்தாவ."

"எவ்வளவு பெருசு மைனி?"

"தோசைக்கல்லு அளவு இருக்கும். உள்ள கம்பி தெரியுது, செம்மண்ணு கெணக்கா. கொத்தனாரு வந்து பாத்தாரு. மேல நிக்குத கம்பி வழியா மழைத் தண்ணி இறங்குதுன்னாரு. ஒண்ணு மாடியக் கட்டுங்க, இல்லன்னா கம்பிய அறுத்துப் பூசுங்க, சும்மா விட்டா இன்னும் விழும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"அறுக்க வேண்டியதுதான?"

"அதத்தான் நானும் சொல்லுதேன். அது தம்பி கம்பி, நான் எப்பிடித் தொடுவேன்னு கேக்காவ. கட்டிலை மட்டும் சொவரோரமா இழுத்துப் போட்டுக்கிட்டு, அண்ணாந்து பாத்துக்கிட்டே படுத்திருக்காவ."

மைனி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லணும் தம்பி. கட்டுதேன்னு சொல்லுங்க, இல்ல வெட்டுங்கன்னு சொல்லுங்க. எதுவானாலும் எங்களுக்குச் சந்தோசந்தான். அடுத்த மழைக்குள்ள சொல்லிருங்க."

4

வெட்டுங்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வேலை செய்கிற இடத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்கிற சொல். இதற்கு மட்டும் நாக்கு எழவில்லை.

இங்கே நான் இருப்பது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடு. பதினோராவது மாடி. மாடிக்கு ஆசைப்பட்டவனுக்குக் கடவுள் மாடியை அள்ளித்தான் கொடுத்திருக்கிறார். எனக்கு மேலேயும் ஆள் இருக்கிறார்கள், கீழேயும் ஆள் இருக்கிறார்கள். இதில் யாருக்கும் கம்பி விட வேண்டியதில்லை.

நிரந்தரவாசம் கேட்டுப் போயிருந்தபோது ஒரு அதிகாரி, சொந்த நாட்டில் வீடு இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அப்போது ஆங்கிலம் சைட்டில் பொறுக்கியதுதான். பாதி வீடு இருக்கிறது என்றேன். பாதி என்றால் என்ன என்றார். கீழே அண்ணன், மேலே ஸ்டார்ட்டர் பார் என்று சொல்லிக் கையை நட்டமாக நிறுத்திக் காட்டினேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு, "அனுமதி கிடைத்தால் இங்கேயே இருப்பீர்களா?" என்றார். இருப்பேன் என்றேன். பொய் சொல்லவில்லை. ஊரில் அப்பா கேட்டபோது, மேலே கட்டி வந்துவிடுவேன் என்று சொன்னதும் பொய்யில்லை. ரெண்டு பேருக்கும் உண்மையைத்தான் சொன்னேன். ரெண்டு உண்மையும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

அப்பா போனார், பிறகு அம்மா போனாள். ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்குப் போனால் முதல் வேலையாக மொட்டைமாடிக்கு ஏறிக் கம்பியைத் தட்டிப் பார்ப்பேன். அண்ணன் கீழே இருந்து, "என்னலே, வளந்திருக்கா?" என்று கேட்பான். அடுத்த தடவை பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிடுவேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீடியோவில் வந்தான். மைனி சொல்லிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. மொட்டைமாடிக்கு ஏறி ஒவ்வொரு தூணாகக் காட்டினான். என் மகள் பவித்ரா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே பிறந்து இங்கே படித்தவள். இப்போது பாலிடெக்னிக்கில் இருக்கிறாள்.

"பாரு, கம்பி நீட்டிக்கிட்டு நிக்கித நெலமைய" என்றான் அண்ணன்.

பவித்ரா சட்டென்று நிமிர்ந்தாள். "அப்பா, எனக்கு இது தெரியும். கம்பி நீட்டுதல். மரபுத்தொடர். நழுவிச் செல்லுதல். பரீட்சைக்குப் படிச்சேன்."

அண்ணன் திகைத்துப் போய், "என்ன சொல்லுதா இவ?" என்றான்.

நான் விளக்கினேன். அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அந்தத் தொடரை அவள் எழுதியிருக்கிறாள், வாக்கியத்தில் அமைத்துக் காட்டியிருக்கிறாள், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். நிஜமாகவே ஒரு வீட்டின் மேல் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நான்கூடச் சொன்னதில்லை. ஊருக்கு வந்த ரெண்டு தடவையும் வெயில் என்று சொல்லி அவளை மொட்டைமாடிக்கு ஏறவிடவில்லை.

"அப்ப யார்ப்பா கம்பி நீட்டினது? நீங்களா, வீடா?" என்றாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. பொருள் புரியாமல்தான் கேட்டாள். அண்ணன் போனைத் திருப்பித் துணிக்கொடியைக் காட்ட ஆரம்பித்தான். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது அவள் இன்னொன்றும் கேட்டாள். "மாடி கட்டினா அதுல யாருப்பா இருப்பாங்க?"

என் மனைவி செல்வி அடுக்களையிலிருந்து என்னைப் பார்த்தாள். அவளும் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. இத்தனை வருசத்தில் அவள் ஒரு தடவைகூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

5

கம்பி வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு கம்பியின் முனையை இன்னொரு கம்பியின் முனையில் முட்ட வைத்தால் அது இணைப்பு ஆகாது. ரெண்டும் பக்கத்தில் பக்கமாகக் கொஞ்ச தூரம் சேர்ந்து நிற்க வேண்டும். அந்த நீளத்துக்கு லேப் என்று பெயர். அது குறைந்தால், மேலே எவ்வளவு நல்ல தூண் நிறுத்தினாலும் பாரம் கீழே இறங்காது. ஸ்டார்ட்டர் பாரை அத்தனை நீளம் விடுவது அதற்குத்தான். அழகுக்கு இல்லை.

கம்பியைக் கிட்டத்தில் வீடியோ எடுத்து அனுப்பும்படி அண்ணனிடம் கேட்டு வாங்கி, திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேறு யாருடைய வீடாகவோ நினைத்துக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் கண் சரியாகத் தெரிந்தது. லேசான துரு கம்பிக்குக் கெடுதல் இல்லை, தேய்த்துவிட்டுக் கட்டலாம். இது அப்படி இல்லை. செதில் செதிலாக உரிகிறது. கம்பி தளத்துக்குள் இறங்குகிற இடத்தில், எறும்பு போகிற அளவுக்கு வளையம் போட்டு வெடித்திருக்கிறது. மழைத் தண்ணீர் அதன் வழியே தூணுக்குள் போய்விட்டது. உள்ளே துருப்பிடித்த கம்பி பருத்து, காங்கிரீட்டைத் தள்ளுகிறது. முதலிலேயே கம்பியைச் சுற்றி மெலிசான கலவை போட்டு மூடியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். இனி மூடுவது, சீழ் பிடித்த பிறகு புண்ணைக் கட்டுகிற மாதிரி.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. நாளைக்கே நான் மாடி கட்டுகிறேன் என்று போய் நின்றாலும், இந்தக் கம்பியோடு எந்தப் புதுக் கம்பியையும் நான் சேர்த்துக் கட்டமாட்டேன். என் சைட்டில் ஒருவர் கட்டினால் அவிழ்க்கச் சொல்வேன். எனக்கென்று நான் விட்டுவைத்தது எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. அது தெரியாமல், அதன் அடியில் அண்ணன் கட்டிலைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான்.

செல்வியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எங்க அம்மா ஒண்ணு சொல்லுவா. விட்ட கொறை தொட்ட கொறைன்னு. விட்டதுக்கும் ஒரு கொறை உண்டு, தொட்டதுக்கும் ஒரு கொறை உண்டு. நீங்க விடவும் இல்ல, தொடவும் இல்ல. ஒங்க அண்ணன்தான் பாவம் கெடந்து அண்ணாந்து பாக்காவ" என்றாள்.

6

பலகைக்கான தமிழை ஐனியிடம் கொடுத்துவிட்டேன். 'மேல்தளத்துக்காக விட்ட கம்பி. மூடி போடாமல் விடாதீர்கள்.' நீளமாக இருக்கிறதே, ஒரு சொல் இல்லையா என்றார். எங்கள் ஊரில் இதற்கு ஒரு சொல் போதாது என்றேன். புதுப் பலகை வந்ததும் சுடலைமுத்து எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "கடைய மூடிட்டாவ" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அன்று மாலை அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, வெட்டிருங்க."

அவனுக்குப் பின்னால் மைனி குக்கரை இறக்குகிற சத்தம் கேட்டது.

"யோசிச்சுத்தான் சொல்லுதியா?"

"யோசிச்சாச்சு. தளத்துக்குக் கொஞ்சம் உள்ள கொத்தி, அடியோட அறுக்கச் சொல்லுங்க. துருவைச் சுத்தமா எடுத்துட்டு மருந்து பூசணும், அதுக்கு மேலதான் கலவை. நான் கொத்தனார்ட்ட பேசுதேன். கீழ பேந்த எடத்தையும் அப்பவே பாத்துருவோம். அதுவரைக்கும் நீங்க அந்த அறையில படுக்கப்பிடாது."

"மைனி கொடி கட்டுன ரெண்டு கம்பி நிக்கட்டுமே. அது நல்லாத்தான இருக்கு."

"அது வழியாவும் தண்ணி இறங்கும்ணே. கொடிக்கு வேற குழாய் நட்டுக்கலாம்."

"அப்பா பாத்துப் பாத்து விடச் சொன்னதுலே."

"தெரியும்."

"இல்ல, சொல்லுதேன்" என்றான். "கம்பியத்தான அறுக்கோம். அஸ்திவாரத்தையா தோண்டுதோம். அப்பா போட்டது அடியில அப்பிடியேதான் கெடக்கு."

அறுத்த அன்றைக்கு வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினார்கள். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பொறி பறந்து முடிந்ததும் அண்ணன் போனைச் சுற்றிக் காட்டினான். சுற்றுச்சுவருக்கு அப்பால் தெருவில் எல்லா வீட்டு மேலும் கம்பி நின்றது. எங்கள் வீட்டு மேல் வானம் மட்டும் இருந்தது. பவித்ரா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மொட்டைமாடிங்கிற பேரு இன்னைக்குத்தாம்லே பொருந்தியிருக்கு" என்றான் அண்ணன். சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது.

பிறகு அவனே கேட்டான்.

"இனி நீ வந்தா எங்கன இருப்ப?"

"கீழ, உங்ககூடத்தான்."

அவனும் அப்பாவைப் போல முள் நிற்கட்டும் என்று காத்திருந்தான் போலும்.

"பூச்சு காஞ்சதும் முன்னறையில இன்னொரு கட்டில் போட எடம் இருக்கு" என்றான். "ஆனா ஒண்ணு. கொஞ்ச நாளாச்சும் சேந்தாப்புல இருக்குத மாதிரி வா. வந்த காலோட கம்பி நீட்டிராத."